வேலியோரச் செங்காந்தள்: கிழங்கைத் தோண்டாமல் பெருக்குவது

கோடையில் வேலியோரம் நின்று பார்த்தால் செங்காந்தள் இருக்கிற இடமே தெரியாது. மாசியில் கொடி காய்ந்து, பங்குனிக் காற்றில் ஒடிந்து போய்விடும். மண்ணுக்குள் அரை அடிக்குக் கீழே கிழங்கு மட்டும் உறங்கிக்கொண்டிருக்கும். ஆனி, ஆடியில் ஒரு நல்ல மழை விழுந்த பிறகுதான் கிளுவைத் தூருக்குப் பக்கத்தில் பென்சில் மொத்தத்துக்கு ஒரு முளை மண்ணைப் பிளந்துகொண்டு வரும். செடி கண்ணில் படாத அந்த நாலைந்து மாதத்தில்தான் பொக்லைன் விட்டுச் சீமைக்கருவேலத்தைப் பிடுங்குகிறார்கள், வேலியை எடுத்துவிட்டுக் கல்லும் கம்பியும் நடுகிறார்கள். பத்து வருசமாகப் பூத்த தூர் ஒரே மதியத்தில் போய்விடும். எடுத்தவருக்குத் தான் எதை எடுத்தோம் என்பதுகூடத் தெரிந்திருக்காது.

அதனால் முதல் வேலை நடுவது அல்ல, குறிப்பது. ஐப்பசி, கார்த்திகையில் பூத்து நிற்கும்போது வேலி நெடுக ஒரு முறை நடந்து, ஒவ்வொரு தூரையும் அடையாளம் வைக்க வேண்டும். பூ இருக்கிற இடத்தில் குறித்தால் பிரயோசனம் இல்லை. கொடி வளைந்து வளைந்து ஏறி 3 மீட்டர் தள்ளி வேறொரு புதரின் தலையில் பூத்திருக்கும். கொடியைக் கையால் தடவிக்கொண்டே கீழே வந்து தூரைப் பிடிக்க வேண்டும். மஞ்சள் பெயின்ட் அடித்த கல் அடுத்த மழை வரை தாங்கும். துணி கட்டினால் வெயிலில் இற்றுவிடும், இல்லையென்றால் ஆடு இழுத்துவிடும். செல்போனில் இடம் குறித்தால் அஞ்சாறு மீட்டர் தள்ளிக் காட்டும். காட்டுக்கு அது போதும், வேலிக்குப் போதாது. குறித்த இடத்தைப் படத்தோடு ஊரறியப் போடவும் கூடாது. கிழங்கு தோண்டுகிறவர்களும் அதே போனைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஒரு செடிக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். கொங்குப் பக்கம் கண்வலிக்கிழங்கு. கிழங்கின் வடிவத்தைப் பார்த்தவர்களுக்குக் கலப்பைக்கிழங்கு. பூக்கும் காலத்தைப் பார்த்தவர்களுக்குக் கார்த்திகைப்பூ. இலங்கைத் தமிழர் சொல்வதும் கார்த்திகைப்பூதான், சிங்களத்தில் நியங்கலா. 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் குளோரியோசா சுபெர்பா. ஆங்கிலத்தில் லில்லி என்றாலும் தாவரவியலாளர் கணக்கில் இது லில்லிக் குடும்பம் இல்லை, கொல்சிகேசி என்ற பக்கத்துக் குடும்பம். அசல் லில்லியே வேண்டும் என்றால் நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிச் சரிவில் எக்காள வடிவில் வெள்ளையாகப் பூக்கும் நீலகிரி லில்லியைப் பார்க்க வேண்டும். அது குளிர்மலைச் செடி, அதன் தேவைகள் வேறு; இங்கே சொல்கிற எதையும் அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். ஜிம்பாப்வேக்கும் தேசிய மலர். ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை இயல்பாக வளர்கிறது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் இதே செடியைக் களை என்று பிடுங்கிப் போடுகிறார்கள். ஆகவே உலகத்தை விட்டே போய்விடும் என்று பயமுறுத்துவது சரியில்லை. போய்க்கொண்டிருப்பது நம் ஊர் வேலி, நம் ஊர்க் கரடு, அங்கே தலைமுறை தலைமுறையாகத் தானாக முளைத்த கூட்டம். இன்னொரு நாட்டில் அது கொழுத்து வளர்வதால் நம் கரட்டுக்கு எந்த லாபமும் இல்லை.

எப்படிக் குறைந்தது என்பதற்குக் கணக்கே போதும். விதையில் கொல்சிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கவுட் என்கிற மூட்டுவாதத்துக்கு மருந்து அது. பயிர் ஆராய்ச்சியில் குரோமோசோமை இரட்டிக்கவும் அதையே பயன்படுத்துகிறார்கள். இந்த விதைக்காகத்தான் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களிலும் வேதாரண்யம் பக்கத்திலும் கண்வலி பயிராகிறது. வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் என்று நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 6,700 கிழங்கு வேண்டும். ஒன்று 60 கிராம் என்று வைத்தாலும் 400 கிலோ. ஒரு கிழங்கு வருசத்துக்கு அதிகம் போனால் இரண்டாகும். அழுகல் வந்தால் அதுவும் இல்லை. சொந்தமாகப் பெருக்கி நடுவதற்குப் பொறுமை இல்லாதவருக்கு எவனோ ஒருவன் கரட்டில் தோண்டி மூட்டையாகக் கொண்டுவந்து கொடுப்பான். ஒரு ஏக்கர் புதுத் தோட்டத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் காட்டுத் தூர் காலி. தோட்டத்தில் பூ நிறைந்து நிற்பதைப் பார்த்து ‘செடி நன்றாகத்தானே இருக்கிறது’ என்று சொல்வதில் உள்ள ஏமாற்று இதுதான்.

காப்புக்காட்டில் தோண்டினால் குற்றம், வனத்துறை கேட்கும். சமவெளியில் மிச்சமிருக்கிற செடிகளில் பெரும்பங்கு பட்டா நிலத்து வேலியில் இருக்கிறது. கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்ளுக்கிளுவை வேலி இருக்கிற வரைக்கும் அதற்கு வீடு உண்டு. அதைக் காப்பாற்றுவதும் விடுவதும் நிலத்துக்காரர் கையில்.

கிழங்கும் அதன் ஒற்றைக் கண்ணும்

தோண்டுவதால் என்ன கெடுகிறது என்று புரிய கிழங்கை ஒரு முறை கிட்டத்தில் பார்க்க வேண்டும். இரண்டு விரலை விரித்த மாதிரி ‘வி’ வடிவம். சில நேரம் ஒரு கொம்பு நீண்டு, ஒன்று குட்டையாக ஏர்க்கலப்பை போல இருக்கும். தோல் பழுப்பு, மெல்லியது, உள்ளே வெள்ளை. ஒவ்வொரு கொம்பின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். உடம்பில் வேறெங்கும் கண் கிடையாது. உருளைக்கிழங்கு பழக்கத்தில் துண்டு போட்டு நடுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். நுனி ஒடிந்த கொம்பு மண்ணுக்குள் வெறும் மாவுருண்டை, மெல்ல அழுகி முடியும். கிழங்கோ வெள்ளரிப்பிஞ்சு போலப் படக்கென்று ஒடியும். கடப்பாரையால் நெம்பி, சாக்கில் கொட்டி, இன்னொரு வண்டியில் மாற்றி ஏற்றுகிற கிழங்கில் நுனி முழுசாக வருவது எத்தனை இருக்கும்?

முளை வந்ததும் அந்த வருசத்துக் கொடி பழைய கிழங்கின் சத்தில் எழும்பும். இலை வெயிலில் சமைத்த சத்து புதிய இரண்டு கொம்பாகத் திரளும். பழையது சுருங்கித் தோலாகிவிடும். ஆகவே ஆவணியிலிருந்து மார்கழி வரை வேலியை வெட்டினால் நஷ்டம் பூவோடு நிற்காது. ஒரு கண்ணுக்கு ஒரு கொடிதான். அதை அறுத்தால் அந்த வருசம் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது, புதுக் கிழங்கு சுண்டுவிரல் அளவில் நின்றுவிடும், அடுத்த வருசம் பூக்காது. வேலி வெட்டுவதைப் பங்குனி, சித்திரைக்குத் தள்ளிப்போட்டாலே பாதிப் பாதுகாப்பு முடிந்தது. அந்த மாதங்களில் மேலே எதை வெட்டினாலும் இதற்கு வலிக்காது. மண்ணைக் கிளறாமல் இருந்தால் போதும்.

பூ ஏன் காயாகாமல் உதிர்கிறது

மொட்டு தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழும் மேல்நோக்கி மடங்கிக் கை குவித்தது போல நிற்கும். ஓரம் நெளிநெளியாக இருக்கும். முதலில் இளம்பச்சை, அப்புறம் மஞ்சள், நுனியிலிருந்து ஆரஞ்சு இறங்கி, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒரே நேரத்தில் இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது சூல்தண்டு. அடியிலேயே கிட்டத்தட்ட செங்கோணத்தில் மடங்கி, பூவை விட்டு வெளியே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். ஆறு மகரந்தத்தாளும் வேறு திசைகளில் விரிந்திருக்கும். தன் மகரந்தம் தன் மேலேயே விழக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வந்து போனால்தான் காய்.

பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்த மாதத்தில் பட்டாம்பூச்சி வராது. அரைக் கிலோமீட்டருக்கு ஒரு தூர் என்று தனித்துப்போன செடிக்கு வந்தாலும் பயன் குறைவு. இரண்டு மூன்று தூர் மட்டும் மிஞ்சிய இடத்தில் கையால் சேர்க்கை செய்வதே நல்லது. தோட்டக்காரர்கள் தினமும் காலையில் செய்கிற வேலைதான். விடிந்ததிலிருந்து 10 மணிக்குள், முந்தின நாளோ அன்றோ விரிந்த பூவில், மகரந்தப்பை வெடித்து மஞ்சள் தூள் தெரிகிறதா என்று பார்த்து, அந்தத் தாளைக் காம்போடு கிள்ளி, வேறொரு தூரின் பூவில் நீண்டிருக்கும் சூல்தண்டின் முனையில் தடவ வேண்டும். முனை மூன்றாகப் பிளந்திருக்கும். மூன்றிலும் தூள் ஒட்டுவது நல்லது. இதழ் முழுச் சிவப்பாகிவிட்ட பூவில் தடவி மெனக்கெட வேண்டாம், நேரம் கடந்துவிட்டது. மழையில் நனைந்த தூளும் உதவாது. அதே தூரின் மகரந்தத்திலும் காய் பிடிக்கும் என்றாலும், பக்கத்துத் தூரிலிருந்து எடுத்தால் காயில் விதை திரட்சியாக இருக்கும். நாலைந்து நாளில் பூவின் அடியில் சூல்பை பச்சையாகத் தடித்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

விதை: பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்

காட்டுக் கூட்டத்தைத் தொடாமல் பெருக்க விதை ஒன்றே வழி. எங்கே நடப்போகிறோமோ அதற்கு மிக அருகில் உள்ள கூட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். நாலு காய் இருந்தால் ஒன்று நமக்கு, மூன்று அங்கேயே. கரும்பச்சை வெளிறி, காயின் தோலில் சுருக்கம் விழும்போது பறிக்க வேண்டும். அதற்கு முன் பறித்தால் விதை சொத்தையாக இருக்கும். பிந்தினால் காய் மூன்றாக வெடித்துக் கொட்டிவிடும். நிழலில் பரப்பி 7 முதல் 10 நாள் உலர்த்தினால் தானே பிளந்து, செவ்வாரஞ்சு நிற விதை தெரியும். வெயிலில் போட்டுச் சுள்ளென்று காயவைப்பது தவறு. மேலே உள்ள சதைத்தோல் வற்றி விதை பழுப்பாகிக் கெட்டியான பிறகு துணிப்பையில் கட்டித் தொங்கவிடலாம். பாலித்தீன் பையில் கட்டினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

எடுத்த உடனே விதைத்துவிட்டு ‘முளைக்கவே இல்லை’ என்று சொல்பவர்கள் அதிகம். விதைக்கு ஆறு முதல் ஒன்பது மாதம் உறக்கம் உண்டு. தையில் எடுத்ததை ஆடியில் விதைப்பது கணக்குக்குச் சரியாக வரும், காட்டிலும் அதுதான் நடக்கிறது. விதைப்பதற்கு முதல் நாள் கையுறை போட்டுக்கொண்டு மணலோடு சேர்த்துத் தேய்த்து, ஒட்டியிருக்கும் காய்ந்த சதைத்தோலை நீக்கி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஆடுமாடு குடிக்கிற தொட்டிப் பக்கம் அதைக் கொட்டக்கூடாது.

மண்கலவை: ஆற்றுமணல் 2 பங்கு, செம்மண் 1, நன்றாக மக்கிய தொழுஉரம் 1. ஆழம் குறைந்த தட்டு வேண்டாம்; கிழங்கு கீழே போக இடம் வேண்டும். ஒரு சாண் ஆழமுள்ள தொட்டி அல்லது அடியில் ஓட்டை போட்ட வாளி. ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில், விதைக்கு விதை நாலு விரல் இடைவெளி. மண் ஈரமாக இருந்தால் போதும், சொதசொதக்கக் கூடாது. மூன்று வாரத்தில் ஒன்றிரண்டு எட்டிப்பார்க்கும். மற்றவை இரண்டு மாதம், மூன்று மாதம் என்று இழுக்கும். அடுத்த வருச மழைக்கு முளைப்பதும் உண்டு. தொட்டியைக் கொட்டிவிடாமல் ஒரு மூலையில் வைத்திருக்கிறவருக்குத்தான் அவை கிடைக்கும்.

முதல் வருசம் வருவது புல் மாதிரி ஒரு கீற்று. ஒரு சாண் தாண்டாது. இலை நுனிப் பற்றுக்கம்பியும் இருக்காது. கார்த்திகை, மார்கழியில் மஞ்சளாகி மடியும்போது செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டுகிறவர்கள் பாதிப் பேர். செடி வாடுகிறதே என்று தண்ணீரைக் கூட்டுகிறவர்கள் மீதிப் பேர். இரண்டாவது ரகம் செய்வதுதான் பெரிய கேடு. இலை மஞ்சளானால் தண்ணீரை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். மண்ணுக்குள் பட்டாணி அளவில் ஒரு கிழங்கு இருக்கும். உறங்குகிற கிழங்குக்குத் தண்ணீர் விட்டால் அழுகல் உறுதி. தொட்டியை மழை படாத தாழ்வாரத்தில் வைத்து, அடுத்த ஆடிக்கு முதல் தண்ணீர். இரண்டாம் வருசம் கொடி முழம் உயரம் போகும், பற்றுக்கம்பி வரும். பூ மூன்றாம் வருசமோ நாலாம் வருசமோதான். இடையில் எந்த உரமும் இதை அவசரப்படுத்தாது.

வேலியில் வைப்பது

இரண்டு வருசம் ஆன, சுண்டுவிரல் தடித்த கிழங்கை உறக்கத்திலேயே, வைகாசி கடைசியில் இடம் மாற்றலாம். தொட்டியைக் கவிழ்த்து மண்ணோடு எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. கிளுவை, விராலி, காரை, சூரை எது இருந்தாலும் சரி. தூருக்கு நிழல், தலைக்கு வெயில், இதுதான் இதன் ருசி. வேலித்தூரிலிருந்து ஒரு முழம் தள்ளி, 6 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் கிழங்கைப் படுக்கையாக வைத்து, கண் உள்ள நுனி லேசாக மேலே பார்க்கும்படி மண்ணை மூடலாம். செம்மண், சரளை, மணல்பாங்கு என்றால் யோசிக்க வேண்டாம். கரிசலில் நேரே வைத்தால் ஐப்பசி அடைமழையில் அழுகும். அங்கே முக்கால் அடி மேடு கட்டி, மணல் கலந்து வைக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒன்றை வைப்பதைவிட அஞ்சாறு கிழங்கை ஒன்றுக்கொன்று ஒரு முழ இடைவெளியில் கூட்டமாக வைத்தால் பின்னால் காய் பிடிக்கச் சௌகரியம். முளை மண்ணுக்கு மேலே வந்த முதல் இரண்டு வாரம்தான் ஆபத்து: கால் பட்டாலே ஒடியும். நாலு முள்ளை வெட்டிச் சுற்றிப் போட்டு வைக்க வேண்டும்.

புழு வரும். கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையும் புள்ளியாக, பார்க்கவே மிரட்டுகிற புழு. விஷமூங்கில் செடியையும் தின்னும் அதே புழுதான். தோட்டத்தில் மருந்தடிப்பார்கள். காப்பதற்காக வைத்த வேலியில் அடிப்பது முட்டாள்தனம். காயைக் கொடுக்கிற பட்டாம்பூச்சியும் சேர்ந்து போகும். இளங்கொடியாக இருந்தால் கையுறையோடு பொறுக்கிப் போடலாம். வளர்ந்த கொடி பாதி இலையை இழந்தும் தாங்கும். அதுவும் இந்த மண்ணின் அந்துப்பூச்சிதான். தொடர்மழையில் இலையில் பழுப்புப் புள்ளி பரவினால், விழுந்த இலையைக் கூட்டி எடுப்பதைத் தவிர செய்ய ஒன்றுமில்லை. தூரே கறுத்து, மண்ணோடு ஒட்டிய இடத்தில் வெள்ளை இழை தெரிந்தால் அந்தக் கிழங்கைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அதே குழியில் மறுபடி வைக்காமல் இருக்க வேண்டும்.

நர்சரியில் ‘செங்காந்தள்’ என்று விற்பதை எல்லாம் வேலிக்குக் கொண்டுவர வேண்டாம். இதழ் அகலமாக, விரியும்போதே அடர்சிவப்பாக, ஓரத்தில் மஞ்சள் கோடு போட்டது போல இருந்தால் அது ஆப்பிரிக்க வழி வந்த அலங்கார ரகம். நம்முடையது இதழ் ஒடுங்கி, நெளிவு கூடுதலாக, விரியும்போது பச்சையோடிய மஞ்சளாக இருக்கும். தொட்டியில் அழகுக்கு எது வேண்டுமானாலும் இருக்கட்டும். காட்டுக் கூட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கலந்துவிடும்.

விஷத்தைப் பற்றி வளவளவென்று சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது. இலை, பூ, விதை, கிழங்கு அத்தனையும் நஞ்சு. சர்க்கரைவள்ளி என்று நினைத்துக் கிழங்கை வேகவைத்துத் தின்று உயிர் போனவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. வேகவைத்தால் விஷம் போகாது. கொல்சிசின் உடம்பில் செல் பிரிவதையே நிறுத்துகிறது. அதனால்தான் முதலில் குடலும், அப்புறம் எலும்பு மஜ்ஜையும் அடிவாங்குகின்றன. பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொத்தாக உதிரும். தின்ற உடனே ஒன்றும் தெரியாது; சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். வாந்தி நின்றதும் சரியாகிவிட்டது என்று வீட்டில் வைத்திருப்பதுதான் உயிரைக் குடிக்கும். வாயில் போனது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல், மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் கிழங்கை வைக்கவேண்டி வந்தால் சமையலறைக்கும் காய்கறிக் கூடைக்கும் தொலைவில், பெயரெழுதிக் கட்டி வைக்க வேண்டும். காய்ந்த கொடியைச் சோளத்தட்டோடு சேர்த்து மாட்டுக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சையில் ஒதுக்குகிற மாடு காய்ந்த கலப்பில் தெரியாமல் தின்றுவிடலாம்.

நட்ட கூட்டம் முதன்முதலாகக் காய்க்கிற வருசம் ஒரு காயைக்கூட எடுக்கக் கூடாது. எல்லாம் அங்கேயே வெடித்துக் கொட்டட்டும். மறு ஆடிக்கு வேலித்தூரில் குனிந்து, புல்லோடு புல்லாக ஒற்றைக் கீற்றுகள் நிற்கின்றனவா என்று தேட வேண்டும். களை கொத்துகிற ஆளுக்கு அன்றைக்கே அதைக் காட்டி வைக்காவிட்டால், கோரை என்று நினைத்து வெட்டிவிடுவார்.